அறிஞர் நினைவு நிகழ்வும் புதிய ஆய்வும் ஒரே மேடையில்: ஆலோசனை வேண்டும்

வாசிகசாலைச் செயலாளர், வலிகாமம்:

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் சனசமூக நிலையம், வருகிற ஆண்டு முழுவதும் மாதந்தோறும் ஒரு மாலைப்பொழுதை விஞ்ஞானிகளுக்கும் சமூகச் சீர்திருத்தவாதிகளுக்கும் ஒதுக்குவதென்று நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானித்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களையும், வேறு நாட்டில் பிறந்து இங்கே வந்து பணி செய்தவர்களையும் எடுத்துக்கொள்ள எண்ணியுள்ளோம். அதே மேடையில் அண்மைய ஆய்வுக் கண்டுபிடிப்பு ஒன்றையும், உயர்தர மாணவர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒருங்கே விளங்கக்கூடிய தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

நினைவு நிகழ்வுகளுக்கு நம்மிடையே குறைவில்லை. ஆனால் படத்துக்கு மாலை சூட்டி, மங்கள விளக்கேற்றி, தலைமையுரை முடிந்து, பிறந்த ஊரும் படித்த கல்லூரியும் பெற்ற பட்டங்களும் வாசிக்கப்பட்ட பின்னர், அந்த மனிதர் உண்மையில் எதைக் கண்டறிந்தார் என்பது சொல்லப்படாமலே பெரும்பாலும் கூட்டம் கலைந்துவிடுகிறது. பேராசிரியர் அழகையா துரைராஜாவை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். போர்க்காலத்தில் பல்கலைக்கழகத்தை நடத்திய எளிமையான துணைவேந்தர் என்று சரியாகவே சொல்வார்கள். அவருடைய ஆய்வு எதைப் பற்றியது என்று கேட்டால் எவருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளிடம் குறையில்லை, நாம்தான் அவர்களுக்குச் சொல்லவில்லை.

எங்கள் குழுவுக்குள் இரண்டு கருத்து வேறுபாடுகள் உள்ளன. விஞ்ஞானிகளையும் சீர்திருத்தவாதிகளையும் ஒரே தொடரில் வைப்பது பொருந்துமா என்பது ஒன்று. புதிய கண்டுபிடிப்பு என்னும்போது நோபல் பரிசு பெற்ற செய்திகளைச் சொல்வதா, அல்லது நம் மண்ணில் நடக்கும் ஆய்வுகளைச் சொல்வதா என்பது மற்றொன்று. இவ்வாறான நிகழ்வுகளை நடத்தியவர்களும், இத்துறைகளில் பணி செய்தவர்களும் தங்கள் கருத்தை எழுதினால் பேருதவியாக இருக்கும்.

மண் பொறியியலாளர், பருத்தித்துறை:

செயலாளர் அவர்களுக்கு வணக்கம். துரைராஜா அவர்களுடைய பெயரை நீங்கள் எடுத்ததால், முதலில் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

வடமராட்சியின் கம்பர்மலையில் 1934 இல் பிறந்து ஹாட்லிக் கல்லூரியில் படித்த அவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, களிமண்ணும் மணலும் சுமை தாங்க முடியாமல் உருமாறும் வேளையில் உள்ளே என்ன நிகழ்கிறது என்பதை ஆராய்ந்தார். ஈரக் களியை அழுத்தி உருமாற்றும்போது நாம் செலுத்தும் வேலையில் ஒரு பங்கு அதன் கனவளவை மாற்றுவதற்குப் போகிறது. எஞ்சியது மணிகளுக்கிடையேயான உராய்வில் செலவழிகிறது. இந்த இரண்டு பங்குகளையும் பரிசோதனை அளவீடுகளிலிருந்து பிரித்தெடுத்துப் பார்த்த துரைராஜா, உராய்வில் செலவாகும் பங்கு அப்போதைய அமுக்கத்தையும் உருமாற்றத்தின் அளவையும் அந்தக் களிக்கே உரிய ஒரு மாறிலியையும் மட்டுமே பொறுத்திருக்கிறது என்று காட்டினார். அந்த எளிய சமன்பாட்டின் மேல்தான், ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா ஆகிய மூவரும் 1963 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை நிற்கிறது. கேம்பிரிட்ஜ் நகரில் ஓடும் கேம் ஆற்றின் பெயரால் அது கேம் களி மாதிரியுரு என்று வழங்கலாயிற்று. பின்னர் திருத்தியமைக்கப்பட்ட வடிவில், அணைகளுக்கும் அத்திவாரங்களுக்கும் கணக்கிடும் கணினி நிரல்களில் அந்தக் குடும்பத்து மாதிரியுருக்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. உலகெங்கும் மண்விசையியல் படிக்கும் மாணவர் ஒருவர் அந்தப் பெயரைக் கடந்தே செல்ல வேண்டும். நம் ஊரில் அது ஒரு விழா மேடையில்கூட விளக்கப்படவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இதைச் சொல்லும்போது ஒரு செயல்முறையும் காட்டலாம். காரைநகர் கசூரினாக் கடற்கரையில் ஈரமணலில் கால் பதிக்கும்போது, காலைச் சுற்றியுள்ள மணல் சட்டென்று வெளுத்து உலர்ந்துபோவதை எல்லோரும் கண்டிருப்பார்கள். நெருக்கமாக அடுக்கப்பட்ட மணல்மணிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நகரும்போது இடைவெளி பெருகி, மேற்பரப்பு நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் 1885 இல் இதை விளக்கினார். மெல்லிய பிளாஸ்ரிக் போத்தலில் மணலையும் நீரையும் நிரப்பி, நன்றாகத் தட்டி இறுக்கி, மூடியில் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகிவிட்டுப் போத்தலை நசுக்குங்கள். குழாயில் நீர்மட்டம் ஏறும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள், ஆனால் அது இறங்கும். உருமாறும்போது கனவளவும் மாறுகிறது என்ற அந்த ஒரு விடயத்தை மாணவர்கள் கண்ணால் கண்டுவிட்டால், துரைராஜாவின் சமன்பாடு அவர்களுக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு, மலையகத்தில் கனமழைக்குப் பின் ஏற்படும் மண்சரிவுகளில் நீரின் அமுக்கம் உயர்ந்து மணிகளுக்கிடையேயான பிடிப்பு எப்படிக் குறைகிறது என்றும், இன்றைய ஆய்வாளர்கள் அதை முன்கூட்டி அறிய எவ்வாறு முயல்கிறார்கள் என்றும் ஒருவர் பேசலாம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே என் விடை இருக்கிறது. ஒருவருடைய பெயருக்குப் பொருத்தமாக ஒரு புதிய செய்தியைத் தேடி ஒட்டாதீர்கள். அவர் எழுப்பிய கேள்வியை இன்றைக்கு யார், எங்கே தொடர்கிறார்கள் என்று தேடுங்கள். கேள்வி தொடர்ந்து வந்தால், அந்த மனிதரை நினைவுகூர்வதும் புதிய ஆய்வைச் சொல்வதும் இரண்டு நிகழ்ச்சிகளாகத் தனித்து நிற்கமாட்டா.

எலியேசர் அவர்களையும் பட்டியலில் சேருங்கள். கிறிஸ்டி ஜயரத்தினம் எலியேசர் (1918–2001) கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்கின் மாணவராக இருந்து, மின்னேற்றமுள்ள துணிக்கை தானே வெளிவிடும் கதிர்ப்பினால் எவ்வாறு பாதிக்கப்படுகிறது என்பதை 1940 களில் ஆராய்ந்தவர். ஆனால் அதை விளக்குவது கடினம். தொடரின் பிற்பகுதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆசிரியை, இணுவில்:

பொறியியலாளர் ஐயா கூறிய வழி சிறந்தது. ஆனால் அது முதற்கேள்வியைத் தொடவில்லை. விஞ்ஞானியையும் சீர்திருத்தவாதியையும் ஒரே தொடரில் வைக்கலாமா என்றால், யாழ்ப்பாண வரலாற்றில் அவர்களைப் பிரிப்பதுதான் கடினம் என்பேன்.

1822 ஆம் ஆண்டில் இருவர் பிறந்தார்கள். ஒருவர் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர். மற்றவர் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்து, 1847 இல் மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன். நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும், கிறீன் தம் வைத்திய வகுப்பைத் தொடங்கியதும் 1848 ஆம் ஆண்டில்தான். மதத்தில் எதிரெதிர் அணியில் நின்ற இவ்விருவரும், பொதுமக்கள் வாசித்து விளங்கும் உரைநடைத் தமிழில் அறிவைக் கொண்டு செல்ல வேண்டும் என்பதில் ஒரே திசையில் நடந்தார்கள். இதை ஒரே மாலையில் பேசலாம், பேச வேண்டும்.

கிறீன் 1864 அளவில் தமிழிலேயே மேலை வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்கச் சேவையை நாடி வெளியூர்களுக்குப் போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்கள் ஊரிலேயே தங்கி மக்களுக்கு வைத்தியம் செய்வார்கள் என்பது அவருடைய கணிப்பு. அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர்கள் 60 பேருக்கு மேல். பாடநூல்கள் இல்லாத குறையைத் தம் மாணவர்களோடு சேர்ந்து மொழிபெயர்த்து நிரப்பினார்: 1857 இல் பிரசவ வைத்தியம், 1867 இல் இரண வைத்தியம் (அறுவை வைத்தியம்), 1872 இல் மனுஷ அங்காதிபாதம் (உடற்கூற்றியல்), 1875 இல் கெமிஸ்தம் (இரசாயனவியல்) எனப் பல. பெயர் கிறீனுடையதாக இருந்தாலும் உழைப்பில் பெரும்பங்கு யாழ்ப்பாணத்து மாணவர்களுடையது. அந்த மாணவர்களையும் மேடையில் நினைவுகூர வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

புதிய ஆய்வோடு இணைப்பதற்கு இரண வைத்தியமே போதும். அது வெளிவந்த அதே 1867 இல்தான் அறுவை வைத்தியர் ஜோசப் லிஸ்டர் காயங்களுக்குக் கார்பாலிக் அமிலம் இட்டு அழுகலைத் தடுத்த தம் அனுபவத்தை இலண்டனில் கட்டுரைகளாக வெளியிட்டார். ஆகவே அந்தத் தமிழ் நூலுக்கு அடிப்படையான மூலநூல், காயம் சீழ்ப்பிடிப்பதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்ற அறிவு நிலைபெறுவதற்கு முன் எழுதப்பட்டது. உயர்தர உயிரியல் மாணவர் ஒருவர் அதில் ஒரு பகுதியை வாசித்துக்காட்டி, அன்றைய விளக்கத்தில் எது நின்றது, எது விழுந்தது என்று சொல்லட்டும். அதைத் தொடர்ந்து, நுண்ணுயிர்கொல்லிகளுக்கு அடங்காத பற்றீரியாக்கள் பெருகி வருவதைப் பற்றி ஒரு வைத்தியர் பேசட்டும். கிறீனின் நூலில் இன்று பிழையாகிவிட்ட பகுதிகளைச் சுட்டுவதை அவமதிப்பாக எவரும் கருத வேண்டியதில்லை. அறிவுநூல் எழுதிய ஒருவருக்கு அதைக் கூர்ந்து வாசிப்பதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை.

சீர்திருத்தவாதிகளைப் பற்றிப் பேசும்போதும் அதே நேர்மை தேவை. நாவலர் 1870 களின் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தியதைச் சொல்லும் நாம், சாதி ஒழுங்கை அவர் ஏற்றே நின்றார் என்பதையும் சொல்ல வேண்டும். கிறீனுடைய வைத்தியத்துக்குப் பின்னால் மதமாற்ற நோக்கம் இருந்ததை அவரே மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை.

பெண்களை மறந்துவிடாதீர்கள் என்பதைத் தனியாக எழுத வேண்டியிருப்பதே வேதனை. கனடாவில் பிறந்து, யாழ்ப்பாணத்தவரான சாமுவேல் இரத்தினத்தை மணந்து, பெண்களின் உடல்நலத்துக்காகவும் வாக்குரிமைக்காகவும் உழைத்து, 1958 இல் மக்சாசே விருது பெற்ற வைத்தியர் மேரி இரத்தினம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைக்குத் தலைமை வகித்தபடியே மனித உரிமைக்காகப் பேசி, 1989 செப்டெம்பரில் கொல்லப்பட்ட ரஜனி திரணகம. இவர்கள் விஞ்ஞானிகளா, சீர்திருத்தவாதிகளா என்று உங்கள் குழு எந்தப் பெட்டியில் போடும்?

ஓய்வுநிலைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சாவகச்சேரி:

தம்பி, உள்ளூர் ஆய்வா உலகச் செய்தியா என்று கேட்டிருந்தீர்கள். நுளம்பை எடுத்துக்கொண்டால் இந்த இரண்டும் வேறுவேறல்ல என்பது விளங்கும்.

வைத்தியர் ரொனால்ட் றொஸ் 1897 ஓகஸ்ட் 20 ஆம் நாள் செக்கந்திராபாத்தில் ஒரு நுளம்பின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அந்த நாளைத்தான் உலக நுளம்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். உங்கள் ஓகஸ்ட் மாத நிகழ்வுக்கு அது ஏற்றது. இலங்கையில் 1934–35 மலேரியாப் பெருந்தொற்று ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. பின்னர் டி.டி.ரி. என்ற பூச்சிகொல்லியின் தெளிப்பினால் நோய் அடங்கி, 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர்கள் மட்டுமே பதிவானார்கள். வென்றுவிட்டோம் என்று கண்காணிப்பைத் தளர்த்தியதும், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோய் இலட்சக்கணக்கானோரைத் தாக்கிக்கொண்டு திரும்பி வந்தது. எங்கள் பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு முதலில் கற்பிக்கப்பட்ட பாடம் இதுதான். அதன்பின் நீண்ட உழைப்பினால் 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

இனித்தான் புதிய ஆய்வு வருகிறது. அதே 2016 இன் இறுதியில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு ஸ்டெபென்சி என்ற நுளம்பு இலங்கையில் முதன்முறையாக மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலும் அது இருப்பது உறுதியானது. காட்டையோ ஆற்றையோ தேடாமல் கிணறுகளிலும் சீமெந்துத் தொட்டிகளிலும் பெருகும் நுளம்பு இது. வீட்டுக்கு வீடு கிணறு உள்ள நம் குடாநாட்டுக்கு இது என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். இதே நுளம்பு 2012 இல் ஆபிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது. 2016 இல் எத்தியோப்பியாவிலும் தென்பட்டு, நகரங்களில் மலேரியா பரவும் அபாயத்தை உண்டாக்கியிருக்கிறது. ஆகவே மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் எடுக்கப்படும் ஒரு மாதிரி உலகம் கவனிக்கும் தரவாகிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையினர் பங்குகொண்ட இன்னொரு ஆய்வு இதைவிட வியப்பானது. டெங்கைப் பரப்பும் ஈடிசு நுளம்பு சுத்தமான நன்னீரில் மட்டுமே முட்டையிடும் என்றுதான் பாடநூல்களும் எங்கள் சுற்றறிக்கைகளும் சொல்லி வந்தன. கரையோரக் குடியிருப்புகளில் உவர்நீர் தேங்கிய கொள்கலங்களிலும் கைவிடப்பட்ட கிணறுகளிலும் அவற்றின் குடம்பிகள் வளர்வதை அந்த ஆய்வாளர்கள் கண்டறிந்து 2011 இல் வெளியிட்டார்கள். கடல்மட்டம் உயர்ந்து உவர்நீர் உட்புகும் இடங்களில் டெங்குத் தடுப்பை எப்படித் திட்டமிடுவது என்ற கேள்வி அங்கிருந்து எழுந்தது. பின்னைய ஆய்வுகளில், உவர்நீருக்குப் பழகிய நுளம்புகளின் புறத்தோலிலும் மரபணுச் செயற்பாட்டிலும் உள்ள மாற்றங்கள் வரை போயிருக்கிறார்கள். 2017 இல் நாடு முழுவதும் 186,000 க்கு மேற்பட்டோர் டெங்கினால் பாதிக்கப்பட்டதை நினைத்தால், குருநகர்க் கரையில் ஒரு போத்தலில் குடம்பி தேடிய வேலையின் பெறுமதி விளங்கும்.

நிகழ்வன்று ஒரு நுணுக்குக்காட்டியும் உவர்நீர்க் குடம்பிகள் உள்ள ஒரு மூடிய கண்ணாடிப் பாத்திரமும் வைத்துவிட்டால், சிறுவர்கள் வரிசையில் நிற்பார்கள். பாத்திரம் நன்றாக மூடியிருக்கிறதா என்பதை உங்கள் பகுதிப் பரிசோதகரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வாசகர், கொக்குவில்:

நல்ல முயற்சி. ஆயினும் சீர்திருத்தவாதிகளைத் தனித் தொடராக வைப்பதே நல்லது என்பது என் கருத்து. நுளம்பைப் பற்றியோ களிமண்ணைப் பற்றியோ கூட்டத்தில் சண்டை வராது. சாதி, சமயம் என்று வந்தால் ஊர் இரண்டாகும். மாணவர்கள் ஆய்வைக் கேட்கும் முன்னரே எழுந்து போய்விடுவார்கள். விஞ்ஞானம் தன் வழியில் அமைதியாகப் போகட்டும்.

நிலத்தடி நீர் ஆய்வு மாணவி, கோப்பாய்:

கொக்குவில் வாசகர் அண்ணாவின் அச்சம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் நான் நாள்தோறும் கையில் எடுக்கும் பொருள் கிணற்று நீர். அதில் விஞ்ஞானத்தையும் சமூகத்தையும் பிரித்து நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை மெல்லிய மேல்மண்ணைக் கடந்து, மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குழிகளிலும் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் ஒரு வில்லை வடிவில் மிதக்கிறது. நன்னீர் கடல்நீரைவிடச் சற்றே அடர்த்தி குறைந்தது என்பதனால்தான் இது நடக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கலாம் என்பது கைபன், ஹேர்ஸ்பேர்க் ஆகிய இருவர் பெயரால் வழங்கும் பழைய விதி. அதன் மறுபக்கம் கடுமையானது: மேலே ஓர் அடியை இறைத்துக் குறைத்தால், கீழே உவர்நீர் பலமடங்கு மேலேறும். புத்தூர் நிலாவரைக் கிணற்றின் ஆழத்தில் நீர் உவர்ப்பாக இருப்பதும் இதனாலேயே.

வலிகாமத்துக்கு அடியில் இருப்பது இத்தகைய ஒரு பெரிய நீர்ப்படுகை. அந்த நீருக்கு வேலியும் இல்லை, காணி உறுதியும் இல்லை. ஒரு தோட்டத்தில் இட்ட யூரியாவும், ஒரு வளவின் மலசலகூடக் குழியில் இருந்து கசிவதும், சுண்ணாம்புக்கல்லின் வழியே அடுத்த வளவின் கிணற்றுக்குப் போகும். செறிவாகப் பயிரிடப்படும் பகுதிகளின் கிணறுகளில், இவற்றிலிருந்து உண்டாகும் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவான இலீற்றருக்கு 50 மில்லிகிராமை மீறுவதை, 1980 களிலிருந்து இன்றுவரை வெவ்வேறு ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கிறார்கள்.

இப்படி ஒன்றாகவே இருந்த நீரின் மேல்தான் நம் முன்னோர் கிணறுகளைச் சாதியால் பிரித்தார்கள். ஒடுக்கப்பட்ட சமூகத்தவர்கள் தாமாக அள்ள முடியாமல், வேறொருவர் அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நின்ற காலத்தைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். ஹன்டி பேரின்பநாயகமும் அவருடைய தோழர்களும் 1924 இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்ற பெயரோடு, தீண்டாமையை எதிர்த்தது. அவர்களுடைய அழைப்பில்தான் 1927 இல் காந்தி யாழ்ப்பாணம் வந்தார். அரசு உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் இருக்க வேண்டும் என்ற விதி 1930 ஐ ஒட்டி நடைமுறைக்கு வந்தபோது, எதிர்த்தவர்கள் சில பாடசாலைகளுக்குத் தீயிட்டார்கள். சாதியின் பேரால் ஒருவரைப் பொது வாழ்விலிருந்து விலக்குவதைக் குற்றமாக்கும் சட்டம் 1957 இல்தான் வந்தது. அதன் பின்னரும் 1968 இல் உள்ளே செல்லும் உரிமைக்காக மாவிட்டபுரம் கோயில் வாசலில் போராட வேண்டியிருந்தது.

தரையில் இருத்தப்பட்ட பிள்ளை, வாங்கில் இருந்த பிள்ளையோடு சேர்ந்து இரசாயனவியல் படிப்பதற்கு அந்தப் போராட்டம் தேவைப்பட்டது. இன்று எங்கள் ஆய்வுகூடத்தில் நீர் மாதிரிகளைச் சோதிக்கும் மாணவர்களில் பலருக்கு, பாட்டன் காலத்தில் பாடசாலைக் கதவே திறந்திருக்காது. அதைச் சொல்லாமல் விஞ்ஞானத்தின் வெற்றியை மட்டும் எப்படிக் கொண்டாடுவது? இன்னொன்றும் உண்டு. ஒரு படுகையை எல்லோரும் சேர்ந்து காக்க வேண்டுமென்றால், முதலில் அது எல்லோருக்கும் பொதுவானது என்பதை ஊர் ஏற்க வேண்டும். நீரியல் அளவீடு அதைத் தரவாகக் காட்டுகிறது. சீர்திருத்தவாதிகள் அதை அதற்கு முன்பே உரிமையாகக் கேட்டார்கள்.

ஆகவே மார்ச் 22, உலக நீர் நாளை ஒட்டி ஒரு நிகழ்வை வையுங்கள். பேரின்பநாயகத்தையும், ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிப் பக்கம் திருப்பும் திட்டத்தை 1950 களில் முன்வைத்த நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகத்தையும் ஒன்றாக நினைவுகூருங்கள். அத்திட்டம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. அதற்கு ஆதரவான வாதங்களையும், இறால் பிடித்து வாழும் கரையோர மக்களின் எதிர்ப்பையும் இரண்டு பேச்சாளர்கள் முன்வைக்கட்டும். அதே நாளில் ஊர்க் கிணறுகளிலிருந்து மாணவர்கள் மாதிரி எடுத்து வந்து நைத்திரேற்றையும் உவர்த்தன்மையையும் சோதிக்கட்டும். சண்டை வந்தால், முன்னால் இருக்கும் அளவீடுகளைப் பார்த்துச் சண்டை பிடிப்பார்கள். அது நல்ல சண்டை.

வாசிகசாலைச் செயலாளர், வலிகாமம்:

எழுதிய அனைவருக்கும் நன்றி. இந்த உரையாடலை அச்சிட்டு நிர்வாகக் கூட்டத்தில் வாசித்தோம். இரு சாராரையும் ஒரே தொடரில் வைப்பதென்று பெரும்பான்மையாக முடிவாகியது. முதல் நிகழ்வு நீரைப் பற்றியது, அடுத்தது கிறீனும் நாவலரும், ஓகஸ்டில் நுளம்பு, உலக விஞ்ஞான நாள் வரும் நவம்பரில் துரைராஜா. ஒவ்வொரு நிகழ்விலும் வாழ்க்கைக் குறிப்புக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கொடுப்பதில்லை என்றும், பேச்சாளர் அந்த மனிதருடைய ஒரு கேள்வியை எடுத்து விளக்க வேண்டும் என்றும், அதன்பின் அந்தக் கேள்வியில் இன்று பணிபுரியும் ஒருவர் பேச வேண்டும் என்றும் விதித்திருக்கிறோம். கொக்குவில் வாசகர் ஐயா கேள்வி நேரத்துக்குத் தலைமை வகிக்க இசைந்தால் மகிழ்வோம். கூட்டம் தடம் மாறாமல் இருக்க அவரைப் போன்ற ஒருவர் தேவை.

கோப்பாய்த் தங்கச்சியிடம் ஒரு கேள்வி. மாணவர்கள் எடுத்துவரும் கிணற்று நீரின் அளவீடுகளைக் கூட்டத்தில் பகிரங்கமாக வாசிக்கலாமா? சில வீட்டுக்காரர்கள் தயங்குகிறார்கள்.

நிலத்தடி நீர் ஆய்வு மாணவி, கோப்பாய்:

அண்ணா, அவர்களுடைய தயக்கம் நியாயமானது. மாதிரி எடுக்கும் முன் வீட்டுக்காரரின் சம்மதத்தைப் பெறுங்கள். போத்தலில் பெயரோ விலாசமோ எழுதாமல் ஓர் இலக்கம் மட்டும் இடுங்கள். எந்த இலக்கம் எந்த வீடு என்ற பட்டியல் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். சுத்தமான போத்தலை அதே கிணற்று நீரால் அலசி நிரப்பி, குளிரூட்டிய பெட்டியில் வைத்து அன்றே கொண்டுவாருங்கள். தாமதித்தால் நைத்திரேற்றின் அளவு மாறிவிடும். கூட்டத்தில் எத்தனை கிணறுகளில் அளவு கூடியிருக்கிறது, அவை தோட்டங்களுக்கு அருகிலா குடிமனைகளுக்கு அருகிலா என்பதை மட்டும் காட்டலாம். சோதனைத் தாள் காட்டுவது அண்ணளவான பெறுமானம்தான். 50 மில்லிகிராமை எட்டுவதாகத் தெரியும் மாதிரிகளை ஆய்வுகூடத்தில் மறுபடியும் சோதிக்க வேண்டும்.

அளவு கூடிய வீட்டுக்குத் தனியாகச் சென்று சொல்லுங்கள், அதைக் கூட்டம் முடியும்வரை பிற்போட வேண்டாம். அந்த வீட்டில் போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தை இருந்தால் பால் மாவைக் கரைக்க வேறு நீரைப் பயன்படுத்தும்படி உடனே கூறுங்கள். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்றே பெரும்பாலானோர் நினைப்பார்கள். கொதிக்க வைப்பது நுண்ணுயிர்களைக் கொல்லும். நைத்திரேற்றை அகற்றாது, நீர் ஆவியாவதனால் அதன் செறிவு இன்னும் கூடும். இதை வீட்டிலுள்ள தாயிடமும் பாட்டியிடமும் நேரே சொல்ல வேண்டும்.